அப்பா என்று அவரை அழைத்த பிற்பகல்

உங்களுக்குக் காது கேட்கும். இந்த வேலையில் உங்களை முதலில் தனியாளாக்கப் போவது அதுதான்.

காது கேளாத பிள்ளைகளுக்கு மென்பொருள் எழுதக் கற்றுத்தரும் நம் மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். எந்தப் பாடத்தை முன்னால் நடத்துவது, எதைப் பின்னால் வைப்பது என்பதை மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். உங்களுக்கு அது வேகமாக வந்துவிடும். பிள்ளைகளுக்கு அதைவிட வேகமாக வந்துவிடும். எனக்குச் சொல்ல வேறு இருக்கிறது. உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

நான் சேர்ந்தபோது மையம் மைசூர் ஹெப்பாளில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது. காலை முதல் மாலை வரை கீழே இரும்பைச் சீவுகிற சத்தம். அந்த இரைச்சலில் தலைவலி வந்தது அந்த மாடியில் என் ஒருவனுக்கு மட்டும்தான். யாரிடமும் அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்ளக்கூட முடியாது. பல வருடம் மென்பொருள் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு, மனைவி போன பிறகு வந்து சேர்ந்தவன் நான். வீட்டில் பேச ஆளில்லை, இங்கே வந்தால் நாலு பேரோடு இருக்கலாம் என்று நினைத்தேன்.

இங்கே நாலு பேர் இருந்தார்கள். டீ நேரத்தில் வட்டமாக நின்று கைகளால் பேசிச் சிரிப்பார்கள். சைகை மொழி வகுப்பில் மெதுவாகக் காட்டினால் எனக்குப் புரியும். டீ நேரத்தில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. என்ன சிரிப்பு என்று கேட்பேன். ஒரு பையன் பாவப்பட்டு ஆரம்பிப்பான். பாதியில் இன்னொருவன் ஏதோ சொல்ல, அவன் அந்தப் பக்கம் திரும்பிவிடுவான். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நானும் புரிந்தவன் மாதிரிச் சிரித்துவைப்பேன்.

எனக்குச் சைகை மொழி கற்றுத்தந்தவர் என் பக்கத்து நாற்காலியில் இருந்த சக ஆசிரியை. பிறவியிலேயே காது கேளாதவர், ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட இருபது வயதாவது சின்னவர். ஒருநாள் அவரிடம், இந்த வேலை எனக்கு ஒத்துவராது போலிருக்கிறது, நின்றுவிடலாம் என்று பார்க்கிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. ஜன்னலைக் காட்டினார்.

"போங்கள். படியிறங்கினால் ஊர் முழுக்க உங்கள் பாஷை. நாங்கள் படியிறங்கினால்?"

நான் வேலையை விடவில்லை. அவர் எனக்கு இன்னொன்றும் சொன்னார். இரண்டு பேருக்கு நடுவில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால், காதில் விழுந்ததையெல்லாம் கையால் காட்டுங்கள், கையில் பார்த்ததையெல்லாம் வாயால் சொல்லுங்கள், எது வேண்டும் எது வேண்டாம் என்று நீங்கள் பிரிக்காதீர்கள் என்றார். கேட்க எளிதாக இருந்தது. அது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குச் சௌம்யாவின் விஷயத்தில்தான் தெரிந்தது.

சௌம்யா கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர்ப் பக்கத்துப் பெண். தமிழ் பேசுகிற விவசாயக் குடும்பம். வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் காது கேட்காது. மற்ற யாருக்கும் சைகை மொழி தெரியாது. சாப்பிடு, வா, போ, தூங்கு என்று கையைக் காட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்ததால், அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவதே மையத்தில் அவளுடைய பெயர் ஆயிற்று. தனக்கென்று கையில் ஒரு பெயர் கிடைத்த அன்று அவள் அதை எத்தனை பேரிடம் காட்டச் சொல்லிப் பார்த்தாள் என்று நினைக்கிறீர்கள்!

படிப்பில் கெட்டிக்காரி. பக்கத்திலேயே ஒரு நடுத்தரக் கம்பெனி, ரொம்ப யோசித்த பிறகு, ஒரே ஒருத்தரை எடுத்துப் பார்க்கிறோம் என்றது. தேர்வு எழுதி அவள் தேறினாள். தனியாகப் போகிறாயா என்று நானும் ஆசிரியையும் கேட்டோம். போகிறேன் என்று குதித்தாள். கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது கழுத்தில் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

வேலையில் அவள்மேல் ஒரு குறையும் வரவில்லை. ஆனால் வேலை முடிந்ததும் நேராக மையத்துக்கு வந்துவிடுவாள். வகுப்பு முடிந்து கிளம்பப்போகும் பிள்ளைகளை நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். பகலெல்லாம் கட்டி வைத்திருந்தது மாதிரி கைகள் ஓடும். காலைக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று தெரிந்துகொள்ள, பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் செயலியைப் போனில் வைத்திருந்தாள். அங்கே கன்னடமும் இங்கிலீஷும் நடுவில் கொஞ்சம் தமிழும் கலந்து பேசுவார்கள். செயலி அதைத் தலையும் வாலும் இல்லாமல் எழுதிக் காட்டும். அதை எங்களிடம் காட்டிச் சிரிப்பாள். பிறகு காட்டுவதை நிறுத்தினாள். பிறகு வருவதும் குறைந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளுடைய டீம் லீட் எனக்குப் போன் செய்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன்.

"சார், சௌம்யா ரிசைன் பண்ணிட்டாங்க. காலைல மெயில் வந்திருக்கு. என்ன ப்ராப்ளம்னே தெரியல. நம்ம டீம்ல எல்லாரும் அவங்ககிட்ட நல்லாத்தான் இருக்காங்க சார். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"எப்படி சார் கேக்கறது? அதான் உங்களுக்குப் பண்ணேன். சாயங்காலத்துக்குள்ள வாபஸ் வாங்கிட்டா நான் சமாளிச்சுக்கறேன். அப்புறம் மேல போயிடும். உங்க அடுத்த பேட்ச்ல இருந்து ரெண்டு மூணு பேர எடுக்கலாம்னு பேசி வெச்சிருந்தேன். இப்ப நான் எந்த முகத்தோட போய்க் கேக்கறது?"

அந்த அடுத்த பேட்ச் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தது. விஷயம் அதற்குள் அவர்களுக்கு எட்டிவிட்டது. மதியத்துக்குள் சௌம்யா மையத்துக்கு வந்துவிட்டாள். அவளுடைய அண்ணனுக்கு அவளே செய்தி அனுப்பியிருக்கிறாள். அவன் சொல்லி, அப்பாவும் அம்மாவும் கிடைத்த பஸ்ஸில் ஏறிக் கிளம்பி வந்துவிட்டார்கள். எல்லோரையும் என் அறையில் உட்கார வைத்தேன். மொழிபெயர்க்க என்னை விட்டால் ஆளில்லை. ஆசிரியை வகுப்பில் பிள்ளைகளை இந்தப் பக்கம் பார்க்கவிடாமல் பிடித்து வைத்திருக்க முயன்றார். முடியவில்லை. எல்லாக் கண்ணும் கண்ணாடியில்தான் இருந்தது.

அப்பா என்னைவிட வயதில் சிறியவர். வெயிலில் காய்ந்த முகம். உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"ஏனுங்க சார், பஸ்ஸு வந்து கூட்டிட்டுப் போவுது, ஏசி ரூமுல உக்கார வெக்கறாங்க. இதுல இவளுக்கு என்னங்க கஷ்டம்? எங்கூட்டுல இந்த மாதிரி வேலைக்குப் போன மொதோ ஆளு இவதானுங்க."

அதைக் காட்டினேன். சௌம்யா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என் பக்கம் சாய்ந்து குரலைத் தணித்துக்கொண்டார். அவளுக்கு எந்தக் குரலும் கேட்காது என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துவிட்டது.

"ஒண்ணு பண்ணுங்க சார். வேலைய உட்டா கம்பெனிக்காரங்க கேஸு போடுவாங்க, போலீஸு வரும்னு அவகிட்டச் சொல்லுங்க. பயந்துக்கிட்டுப் போயிருவா. அவளுக்கு என்னங்க தெரியப்போவுது?"

அவள் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் வாய் அசைந்தது அவளுக்குத் தெரியும். அடுத்து என் கை அசைய வேண்டும்.

அவர் சொல்லச் சொன்னபடி சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். மையத்தில் என் கை பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. சாயங்காலத்துக்குள் ராஜினாமா வாபஸ் ஆகியிருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களில் இரண்டு மூன்று பேருக்கு வேலைக்கு வழி பிறந்திருக்கும். அப்பா அம்மா நிம்மதியாக ஊருக்குப் போயிருப்பார்கள். இல்லையென்றால், அப்பா ஏதோ வருத்தப்படுகிறார் என்று பொதுவாகக் காட்டிவிட்டுக் கடந்திருக்கலாம். இரண்டுமே அவளுக்கு நல்லதுதான் என்று யாரும் சொல்வார்கள். யோசிக்க ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்தது.

அவர் சொன்னதை அப்படியே காட்டினேன். "கேஸ் போடுவார்கள், போலீஸ் வரும் என்று அவளிடம் சொல்லுங்கள். பயந்துகொண்டு போய்விடுவாள்." கடைசி வாக்கியத்தையும் விடவில்லை. "அவளுக்கு என்ன தெரியப்போகிறது?"

சௌம்யா என்னை விட்டுவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கைகள் எழுந்தன. நான் குரல் கொடுத்தேன்.

"எனக்கு எல்லாம் தெரியும் அப்பா."

அவர் திடுக்கிட்டார். "என்னையவா அப்பாங்கறீங்க?"

"நான் இல்லீங்க. அவ பேசறா. இனிமே என் வாயில வர்ற ‘நான்’ எல்லாம் அவதான்."

"அப்ப, நான் சொன்னத அப்படியே காட்டிப்புட்டீங்களா?"

"காட்டிட்டேங்க."

அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. பார்க்கவும் நேரமில்லை, அவள் பேசத் தொடங்கிவிட்டாள். அவள் கையிலிருந்து வந்தது என் வாயில் வந்தது.

"ஆபீஸ்ல யாரும் என்னைத் திட்டலப்பா. நல்லாத்தான் வெச்சிருக்காங்க. எல்லாரும் சேர்ந்து சிரிக்கறப்ப, என்னன்னு கேப்பேன். அப்புறம் சொல்றேன்னு கை காட்டுவாங்க. அந்த அப்புறம் வந்ததே இல்ல. நான் செஞ்சு குடுத்த வேலைக்குத்தான் கேக் வெட்டினாங்க. எனக்குக் கேக் குடுத்தாங்க. ஏதோ பேசினாங்க, எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இது எனக்குப் புதுசு இல்லப்பா. நான் இத நம்ம வீட்டுலயே பாத்துட்டேன்."

அங்கே கொஞ்சம் நிறுத்தி, வலது உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றில் இரண்டு தடவை அழுத்திக் காட்டினாள். அதற்கு நான் குரல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இரு, அப்புறம். அது சைகை மொழி அல்ல. அவளுடைய அப்பாவின் கை. அவருக்குத் தன் கையை அடையாளம் தெரிந்தது.

"அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பந்தல் போட்ட அன்னைக்குத்தான் வீட்டுல கல்யாணம்னே தெரியும்."

அதுவரை முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அம்மா வாயைத் திறந்தாள்.

"ஆமாங்க. அன்னிக்கு இவ எங்கிட்ட ஓடியாந்து, பந்தலக் காட்டி, யாருக்குன்னு கேட்டா. நானு வேலை அவசரத்துல, சும்மா வெளையாட்டுக்கு, ஒனக்குத்தான்னு காட்டிட்டுப் போயிட்டனுங்க."

காட்டினேன். சௌம்யாவின் கைகள் பாதியில் நின்றுவிட்டன. அம்மாவின் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சைகையாக, எழுத்துக் கூட்டுகிறவள் மாதிரிச் சொன்னாள்.

"வெளையாட்டாம்மா அது? நான் நம்பினேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து அக்காவை உக்கார வெக்கற வரைக்கும் எனக்குத்தான் கல்யாணம்னு நெனச்சிட்டு இருந்தேன். மாப்பிள்ளை யாருன்னு தெரியாது. எந்த ஊருக்கு அனுப்பப் போறீங்கன்னு தெரியாது. மாட்டுக் கொட்டாய் பின்னாடி போய் உக்காந்துக்கிட்டேன். யாரும் தேடல."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தனியா இருந்து இருந்து எனக்குச் சலிச்சுப் போச்சுப்பா. சம்பளம் வாங்கிட்டும் தனியாத்தான் இருக்கணுமா?"

மொழிபெயர்க்கும்போது குரல் நம்முடையது, பேச்சு அவர்களுடையது. அந்த எல்லை மங்கிவிடக்கூடாது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனியாக இருந்து இருந்து சலித்துவிட்டது என்ற வாக்கியத்தை என் வாய் அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை. அது என் துக்கத்துக்கான நேரம் இல்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு, அவள் கேட்ட கேள்வியை அவள் கேட்ட மாதிரியே கேட்டு முடித்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு வாக்கியம் என்றைக்காவது வரும். விழுங்கிக்கொண்டு சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் அழலாம்.

கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்தார். "போலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார், யாருக்கென்று இல்லாமல். அதையும் காட்டினேன். அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் படியிறங்கினார்கள். அவர்களை பஸ் ஏற்றிவிட்டு அவள் மட்டும் திரும்பி வந்தாள்.

டீம் லீடுக்குப் போன் செய்து, அவள் வாபஸ் வாங்கவில்லை, காரணத்தை அவளிடமே கேளுங்கள் என்றேன்.

"ஹௌதா, அப்படியா சார்? ஆனா எப்படிக் கேக்கறது?"

"எதிர்ல உக்காந்து டைப் பண்ணிக் கேளுங்க. அவளும் டைப் பண்ணுவா. ஒரு மணி நேரம் ஒதுக்குங்க."

"கண்டிப்பா சார். இப்ப ஒரு மீட்டிங் இருக்கு. அப்புறம் பண்றேன்."

கெட்ட பையன் இல்லை. அவன் மட்டுமா, நாம் எல்லோருமே அப்படித்தான் பேசுகிறோம்.

அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு நம் மையத்திலிருந்து யாரையும் எடுக்கவில்லை. அந்த பேட்சில் சிலர் வேலைக்காக நெடுநாள் காத்திருந்தார்கள். ஒருநாள் வகுப்பில் அவர்களில் ஒரு பெண் எழுந்து நின்று, எல்லோருக்கும் தெரிகிற மாதிரிக் கேட்டாள்: "நீங்கள் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். எங்களுக்காகச் சொல்லியிருக்கக் கூடாதா?" சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள் என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் அந்த இடத்தில் எனக்கென்று பேச்சு கிடையாது என்றேன். அவர்களுக்கு அது போதவில்லை. காது கேளாதவர்கள் கோபித்துக்கொண்டால் கதவைச் சாத்துவதில்லை, கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். நான் கையைத் தூக்கினால் நாலைந்து பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான், நான் ஊமை. பல வாரம் அப்படி இருந்தேன். சரியானதைச் செய்தவனுக்குத் துணைக்கு ஆள் சேரும் என்று நினைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வராதீர்கள்.

சௌம்யா கொஞ்ச காலம் மையத்தில் எங்களுக்கு உதவியாக இருந்துவிட்டு, பெங்களூரில் ஒரு கம்பெனிக்குப் போனாள். அங்கே காது கேளாதவர்கள் ஏற்கெனவே சிலர் வேலையில் இருந்தார்கள். எப்போதாவது வீடியோவில் வருவாள். சாப்பாட்டு மேசையில் நடந்த சண்டை, வம்பு, யார் யாரைப் பார்க்கிறார்கள், எல்லாம் சொல்வாள். கைகள் வெகு வேகமாகிவிட்டிருந்தன. பாதி எனக்குப் பிடிபடவில்லை. மெதுவாகக் காட்டு என்று நிறுத்த மனம் வராமல் தலையாட்டிக்கொண்டிருப்பேன். பிறகு வேலை மும்முரத்தில் அவள் வருவது நின்றுபோனது. நின்றதுதான் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறு வருடம், மஞ்சள் வெட்டி முடிந்த காலத்தில், அவளுடைய அப்பா ஒருநாள் காலையில் தனியாக வந்து நின்றார்.

"இங்க அந்தக் கை பாஷை சொல்லிக் குடுக்கறீங்கல்ல, நானும் ஓரமா உக்காரலாமுங்களா?"

ஆசிரியையிடம் காட்டினேன். அவர் ஓரத்தில் உட்கார விடவில்லை. புதுப் பிள்ளைகளோடு முதல் வரிசையில் உட்கார வைத்தார். மஞ்சள் கறை போகாத, வெடித்த விரல்கள். எளிதில் மடங்கவில்லை. ஆசிரியை அவர் சுண்டு விரலைப் பிடித்து மடக்கி, இப்படி, இப்படி என்றார். சாப்பிட்டாயா என்று கேட்கவும், எப்போது வருவாய் என்று கேட்கவும் அவருக்குக் காலை முழுவதும் ஆயிற்று.

டீ நேரத்தில் பிள்ளைகள் வட்டம் கூடினார்கள். எவனோ யாரையோ நடித்துக் காட்ட, மாடியே அதிரச் சிரித்தார்கள். அவர் டம்ளரோடு சுவரோரம் நின்றுகொண்டு, புரிந்தவர் மாதிரிச் சிரித்துவைத்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எதுக்கு சிரிக்கறாங்கன்னே தெரியலீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "காத்தாலயிருந்து இருக்கறதுக்கே எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அவ இத்தன வருசம் எங்ககூட இருந்திருக்காளே" என்றார்.

அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்குப் புரிந்திருந்தது. சொல்லியிருக்கலாம். அவர் என்னிடம் அதைக் கேட்கவில்லை என்று பட்டது. அதனால் நானும் சும்மா நின்றேன்.

சாயங்காலம் கிளம்பும்போது, மகளோடு பேச வேண்டுமா, நான் கூட இருக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க. நானே கூப்புடறேன். தப்பாப் போனாத் திட்டுவா, திட்டட்டும்."

கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் நின்றிருந்தது. பேச இரண்டு கையும் வேண்டுமே. போனை அதன் மீட்டர்மேல் சாய்த்து நிறுத்தினார். அது சரிந்தது. ஒரு கல்லை எடுத்து முட்டுக் கொடுத்தார். துண்டால் கைகளைத் துடைத்துக்கொண்டார். திரையில் வெளிச்சம் வந்தது. ஒரு முகம் வந்தது. அவர் கையைத் தூக்கி, புருவத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்.

கையால் பேசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒட்டுக் கேட்பதுதான். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.